முகத்தைப் போட்டார்கள், பேரைப் போடவில்லை

(எமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்கு ஓய்வு நாள் அல்ல. துணி துவைக்க வேண்டும், விறகு தேட வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சம்பளம் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சம்பளமும் வரும். ஆனால் இன்றைக்கு முதலில் வியாபாரத்தில் நேர்மை என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். அது கொழும்பில் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமக்கு எதற்கு என்பதை ஓர் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தார். அதிலிருந்தே தொடங்குவோம்.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயரைச் சொல்ல மாட்டோம், அவரே வேண்டாம் என்றார். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்கு ஒரு வேன் வந்தது. கெமராவோடு இரண்டு பேர், கூடவே தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து இவரைக் கூப்பிட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்க்கச் சொன்னார்கள். பழைய சேர்ட்டையும் பூட்சையும் கழற்றச் சொன்னார்கள். கொண்டு வந்திருந்த சிவப்புச் சேலையைக் கட்டச் சொல்லி, கையில் வளையல் போட்டு, புதுக் கூடை ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டார்கள். "சிரிங்கம்மா, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். சேலையோடு வெறுங்காலில் செடிக்குள் நின்ற அந்த அம்மாவின் காலில் அட்டை ஏறியது. அதையும் பொறுத்துக்கொண்டு சிரித்தார். வெயில் வரட்டும், மேகம் விலகட்டும் என்று இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே போனது.

அன்று பின்னேரம் நிறுவையில் கிலோ குறைந்தது. செக்ரோலில் அரைப்பேர் விழுந்தது. "படம் புடிச்சாங்கய்யா, அதுல நேரம் போயிருச்சு" என்று சொல்லிப் பார்த்தார். "படம் கொழுந்தாகுமா?" என்று பதில் வந்தது.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் அவருடைய மகன், பிறகொரு நாள் போனில் ஒரு படம் அனுப்பினார். அழகான தேயிலைப் பக்கற். அதன் முகப்பில் அந்த அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். விலை என்ன என்று கேட்டால், அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தை விட அதிகம். போனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். "டீச்சர், மொகத்தப் போட்டிருக்காங்க, பேரப் போடலியே" என்றார்.

பக்கற்றில் தன் பெயர் இல்லை என்கிறார் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். அவர் சொன்னது அதை அல்ல. அன்றைக்கு விழாமல் போன முழுப்பேரைத்தான் சொன்னார்.

சகோதரிகளே, பாடசாலையில் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி சொல்லிக்கொடுக்கிறோம். சந்தைப்படுத்தல் என்று ஓர் அலகு அதில் வருகிறது. பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம் என்று நான்காகப் பிரித்துப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிப் புள்ளி வாங்குகிறார்கள். ஆனால் அந்த நான்கிலும் அந்த அம்மாவின் அரைப்பேர் எங்கே வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். விளம்பரம் செய்வது பாவம் இல்லை. தேயிலை விற்றால்தான் நமக்கும் வேலை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை உலகம் முழுக்கப் பேர் எடுத்ததற்கு விளம்பரமும் ஒரு காரணம். 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்றுதான் தன் தேயிலையை விற்றார். நடுவில் யாரும் இல்லை என்பது போல ஒரு எண்ணத்தை வாங்குபவர் மனதில் அது ஏற்படுத்தியது. நடுவில் யார் இருந்தார்கள்? நம்முடைய பூட்டன், பூட்டிமார் இருந்தார்கள். விளம்பரப் படங்களிலும் அவர்கள் இருந்தார்கள், கூடையோடு, சிரித்துக்கொண்டு. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதுவரைக்கும் படத்தில் பெண் முன்னால் நின்றாள், செக்ரோலில் ஆணை விடக் குறைவாக வாங்கினாள். படத்துக்கும் செக்ரோலுக்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரத்தைத்தான் நாம் நேர்மைக் கேள்வி என்கிறோம்.

ஒரு வியாபாரம் நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மூன்று கேள்வி போதும். சொல்வது உண்மையா? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுச் செய்தார்களா? கிடைத்ததில் உழைத்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா?

முதலில் உண்மையைப் பார்ப்போம். பக்கற்றில் இருக்கும் படம் பொய் என்று சொல்ல முடியாது. அந்த அம்மா நிஜமான தொழிலாளிதான், அந்த மலையும் நிஜமானது. ஆனால் படங்கையும் பூட்சையும் கழற்றியதால் மழை மறைந்துவிட்டது, அட்டை மறைந்துவிட்டது, குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். பாதி உண்மையைக் காட்டி மீதியை மறைப்பதும் ஒருவகை ஏமாற்றுத்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் விதமாக வியாபாரி நடப்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம். காலாவதியான மாவை விற்றால் நாமும் அதன்படி முறைப்பாடு செய்யலாம். ஆனால் அது வாங்குபவரைப் பார்க்கும் சட்டம். படத்தில் நிற்பவருக்காகப் பேச நாம்தான் இருக்கிறோம்.

இரண்டாவது, கேட்டுச் செய்வது. அந்த அம்மாவிடம், இந்தப் படம் எதற்கு, எந்த நாட்டில் விற்கப் போகிறது, எத்தனை வருடம் பாவிப்போம் என்று யாரும் சொல்லவில்லை. "முடியாது" என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்கும்போது யார் முடியாது என்பார்கள்? நாளைக்குக் கஷ்டமான மலைக்கு அனுப்பினால்? மறுக்க முடியாத இடத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதம் ஆகாது.

மூன்றாவது, பங்கு. இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து கரும்பலகையில் கணக்காகவே போட்டோம். நீங்களும் மனதில் போட்டுப் பாருங்கள்.

பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சில தோட்டங்களில் 20 கேட்கிறார்கள், அது வேறு சண்டை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பது பெக்டரியில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் 18 கிலோவில் 4 கிலோ தேயிலை. ஒரு தேநீர்ப் பையில் பொதுவாக 2 கிராம். 4 கிலோவில் 2000 பைகள். 2000 பேர் ஆளுக்கு ஒரு கோப்பை குடிக்கலாம். அதாவது நீங்கள் ஒருவர் ஒரு நாளில், இந்தத் தோட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் கொடுத்து, பக்கத்துத் தோட்டத்துக்கும் அனுப்பும் அளவு தேநீருக்குக் கொழுந்து எடுக்கிறீர்கள்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் 1350 ரூபா ஆனது. அந்த 1350ஐ 2000ஆல் பிரித்தார்கள் பிள்ளைகள். ஒரு கோப்பைக்கு அறுபத்தேழரைச் சதம். தொழில்தருநர் கட்டும் ஈ.பீ.எஃப். 12 வீதம், ஈ.ரீ.எஃப். 3 வீதம் இரண்டையும் சேர்த்தாலும் 78 சதத்தைத் தாண்டாது. அந்தச் சம்பளத்தில், 25 பை கொண்ட ஒரு பெட்டியில் கொழுந்து எடுத்தவருக்குப் போனது 20 ரூபாவுக்கும் குறைவு. அந்தப் பெட்டி கடையில் என்ன விலை என்று அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பாருங்கள். வாங்க வேண்டாம், விலையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த இடத்தில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். மீதி எல்லாம் தோட்டக் கம்பனியின் இலாபம் என்று சொன்னால் அது பொய். மருந்து, உரம், பெக்டரிக்கு விறகும் மின்சாரமும், மற்றத் தொழிலாளரின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் தங்கள் தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் மொத்தமாக விற்கின்றன. 1883இலிருந்து நடக்கும் ஏலம் அது. அங்கே வாங்கி, கலந்து, பக்கற் போட்டு, பேர் குத்தி விற்கிறவர் வேறு. கடைக்காரர் வேறு. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. "எங்களுக்கு ஏலத்தில் விலை இல்லை" என்று தோட்டக் கம்பனி சொல்லும்போது அதில் சில வருடங்களில் உண்மையும் இருந்திருக்கிறது. ஆனால் நம்முடைய கேள்வி அதோடு முடிவதில்லை. நம்முடைய முகத்தை வைத்து விலையை ஏற்றுகிறவர், அந்த ஏறிய விலையில் ஒரு பங்கை ஏன் மலைக்குத் திருப்பி அனுப்புவதில்லை? கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இனிச் சின்னங்களைப் பற்றிச் சொல்கிறோம். பக்கற்றில் சிறிய படங்கள் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. எது எதை வாக்களிக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாள் பிடித்த சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையின் சின்னம். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பக்கற் போடப்பட்டது, தரம் பார்க்கப்பட்டது என்பது அதன் பொருள். சம்பளம் பற்றியோ லயம் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. ஓசோன் படலத்துக்குக் கேடு செய்யாத தேயிலை என்றும் ஒரு சின்னம் இருக்கிறது. நல்ல விஷயம்தான். வானத்துக்குச் சின்னம் இருக்கிறது, ஒழுகும் லயத்துக் கூரைக்கு மட்டும் எந்தச் சின்னமும் இல்லை.

பச்சைத் தவளை போட்டிருந்தால் அது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ். காடு, தண்ணீர், மருந்து அடிக்கும்போது பாதுகாப்பு, சிறுவர் வேலை, தொழிலாளர் உரிமை பற்றி நிபந்தனைகள் வைத்து, கணக்காய்வு செய்து கொடுக்கும் சான்றிதழ். தொழிலாளர் முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் தேயிலைக்கு இன்ன விலைக்குக் குறையக் கூடாது என்று அது நிர்ணயிப்பதில்லை. ஃபெயார்ட்ரேட் சின்னத்தில் விலைக்கு மேல் ஒரு மேலதிகத் தொகை கிடைக்கும். அந்தக் காசு தோட்ட நிர்வாகத்தின் காசு அல்ல. தொழிலாளர் தெரிவு செய்யும் குழு கூடி, எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்க வேண்டிய காசு. ஆனால் ஃபெயார்ட்ரேட் முறையில் விற்கப்படும் தேயிலைக்கு மட்டும்தான் அது வரும். சான்றிதழ் பெற்ற தோட்டத்தின் தேயிலை சாதாரணத் தேயிலையாக விற்கப்பட்டால் அந்தத் தொகை இல்லை. ஆகவே "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த வருடம் எவ்வளவு வந்தது, குழு எப்போது கூடியது, என்ன முடிவு எடுத்தது?" என்றும் கேளுங்கள்.

கணக்காய்வாளர் வரும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்டது இது. இரண்டு நாளைக்கு முன்பே மலசலகூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மருந்து அடிக்கிறவர்களுக்குப் புதுக் கையுறை கொடுத்தார்கள், ஆய்வு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பேச வேண்டியவர்களை முன்கூட்டியே தெரிவு செய்து, என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர் கேட்டார், நம்மவர்கள் "ஒரு குறையும் இல்லீங்க" என்றார்கள். போன பிறகு லயத்தில் உட்கார்ந்து எல்லாக் குறையையும் பேசினார்கள்.

யாரையும் குறை சொல்லவில்லை. பயம் நமக்குத் தெரியும். ஆனால் நாம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கூடுதல் காசு கொடுத்து அந்தப் பக்கற்றை வாங்குகிறார், நமக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்து. அவரும் நம்மைப் போல வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பவராக இருக்கலாம். அவரை ஏமாற்றுவதில் நம்மையும் பங்காளியாக்குகிறார்கள். ஆகவே நாம் ஒன்று கேட்க வேண்டும்: கணக்காய்வாளர் பேசும்போது கங்காணியோ கணக்கப்பிள்ளையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. தொழிலாளரைத் தனியாகச் சந்தித்துக் கேட்பதுதான் முறை. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. தனியே பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

மாற்றம் வராது என்று நினைக்காதீர்கள். அசாம் தோட்டங்களில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிப் பிரித்தானியாவில் ஒரு பிரசாரம் நடந்தது. தங்கள் தேயிலையை யார் பறிக்கிறார்கள் என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு, 2018, 2019 காலப்பகுதியில், அங்குள்ள பெரிய தேயிலை நிறுவனங்கள் தாங்கள் எந்தெந்தத் தோட்டங்களில் வாங்குகிறோம் என்ற பட்டியலை வெளியிட்டன. அதுவரைக்கும் அது வியாபார இரகசியம் என்று இருந்தது. பட்டியல் வந்ததால் கூரை ஒழுகுவது நிற்கவில்லை. ஆனால் எந்தத் தோட்டத்துக் குறையை எந்த நிறுவனத்துக்கு எழுதுவது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி திறந்தது.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒன்று. நேர்மை என்று கம்பனிக்குப் பாடம் சொல்கிற நாம், நம் வீட்டையும் கூட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் சந்தா கழிக்கப்படுகிறது. அந்தக் காசு என்ன ஆகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேர்தல் நேரத்தில் மட்டும் லயத்துக்கு வந்து, செய்ய முடியாததைச் சொல்லிவிட்டுப் போகும் தலைமையும் ஒருவகை விளம்பரக்காரர்தான். எமது கிளையின் வரவு செலவு இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒட்டப்படும். ஒட்டவில்லை என்றால் எங்களிடம் சண்டைக்கு வாருங்கள். அதே போல, முற்றலைக் கூடைக்கு அடியில் போட்டு நிறுப்பது, மற்றவர் கிலோவைத் தன் பேரில் எழுதிக்கொள்வது, இதையும் விட்டுவிடுவோம். தராசில் கழிக்காதே என்று நாம் சொல்லும்போது நம் கூடை சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் விஷயத்துக்குத் திரும்புவோம். அவருக்காகத் தோட்ட ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தோம். பழைய செக்ரோல் இப்போது எடுக்க முடியாது என்றார்கள். பக்கற் போட்டவர்களுக்கும் எழுதியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. அரை நாள் சம்பளம் சின்னத் தொகைதானே, விட்டுவிடலாமே என்று அவரிடமே ஒருவர் சொன்னாராம். "சின்னத் தொகன்னா அவங்களே குடுத்திருக்கலாமே" என்றார் அம்மா. அதற்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ தொழிலாளரைப் படம் எடுப்பதானால், எதற்கு என்று தமிழில் எழுதிய தாளில் விருப்பத்தோடு ஒப்பம் வாங்க வேண்டும், அதன் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும், மறுத்தால் வேலையில் எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. இரண்டு, படம் எடுக்கும் நாளில் கிலோ எவ்வளவாக இருந்தாலும் முழுப்பேர் விழ வேண்டும், அந்தப் படத்துக்கான கட்டணம் தனியாக. மூன்று, தோட்டத்துக்கு இருக்கும் சான்றிதழ்கள் எவை, அவற்றால் வந்த தொகை எவ்வளவு என்பது பெரட்டுக்களத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. கம்பனி ஒரு நாளில் செய்துவிடலாம். செய்தால், நம் சிரிப்பைப் படம் எடுக்க வருகிறவர்களை நாமே தேநீர் கொடுத்து வரவேற்போம்.

ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். அந்த அம்மாவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையைத் தூக்கிவிட்டார்.